பானெட் சூடாக இருக்கக் கூடாது

ரஃபத் ஜஹான் சாக்பீஸைக் கையில் எடுத்தால் தோலுக்கே வியர்க்கும் என்று ஆலையில் சொல்வார்கள். ஆம்பூரில் அந்தத் தோல் ஆலையின் தரம் பிரிக்கும் பிரிவுக்கு இருபத்தாறு ஆண்டுகளாக அவள்தான் தலைமை. மெருகேற்றி முடித்த தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும் வட்டமிட்டு ஒதுக்கிவிடுவாள். அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டவனை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள், “ம்” என்பாள். அந்த ஒற்றை எழுத்துக்கு அஞ்சி மறுநாள் விடுப்பு எடுத்தவர்கள் உண்டு.

நாற்பத்தொன்பதாம் வயதில் கார் ஓட்டக் கற்று, ஐம்பதாம் வயதில் தன் பெயரிலேயே கருநீல நிறத்தில் ஒரு சிறிய காரை வாங்கியவளும் அவளே. அதைப் பற்றி உறவில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். மேல்விஷாரத்தில் இருக்கும் அக்கா ஃபிர்தௌஸின் கணவர் சத்தார், ஈத் விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

“வண்டி வாங்கறது பெரிய விசயமா ரஃபத்? வச்சிக்கத் தெரியணும். ஆறு மாசம் போவட்டும், எரும மாடாட்டம் சேறு அப்பிக்கினு நிக்கும். அப்போ வக்கார் பாய்தான் கழுவணும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய கணவர் வக்கார் அகமதுவும், கல்லூரி அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்த பழக்கத்தால், பெரியவர் சொன்னதற்கெல்லாம் சிரித்துவைப்பதுபோல் இதற்கும் சிரித்துவைத்தார்.

ஆறு மாதம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேத்திக்குப் பிஸ்மில்லா. குழந்தை முதன்முதலாக ஓதத் தொடங்கும் நாள். உறவு முழுவதும் கூடும். அந்த வாசலில் தானே காரை ஓட்டிச்சென்று நிறுத்த வேண்டும், மருதாணியிட்ட தம் தாடியைச் சத்தார் அதன் பானெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ரஃபத் தீர்மானித்திருந்தாள்.

சனிக்கிழமை நண்பகலில் ஆலை விட்டதும், கார்ச் சாமான் விற்கும் பாரதியின் கடைக்குப் போனாள். பாரதி முப்பது வயதுக்காரன். கடைக்குள்ளும் கறுப்புக்கண்ணாடி அணிபவன். அந்தக் காரணத்துக்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் மூன்று ஸ்பிரே மெழுகுப் புட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தான்.

“இது செம மூவிங் மேடம். போன வாரம் மட்டும் இருபது போச்சு.”

“எது ஜாஸ்தி போவுதுன்னு நான் கேக்கல தம்பி. எது நல்லதுன்னு கேட்டேன்.”

“மூணுமே நல்லதுதான் மேடம்.”

“மூணுமே நல்லதுன்னா ஒண்ண வச்சி வித்திருப்பியே, மூணு எதுக்கு?”

பாரதி கண்ணாடியைக் கழற்றினான். விபத்தில் சிக்கிய ஏதோ ஒரு காரின் கறுப்புக் கதவு சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் மூன்று இடங்களில் மூன்றையும் தெளித்து, துணியால் துடைத்துக் காட்டினான். ரஃபத் குனிந்தாள். தோலைப் பார்ப்பதுபோலவே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முதலாவது எண்ணெய் பூசிய தலைபோல மினுக்கியது; அந்த மினுக்கின் அடியில் கீறல்கள் பதுங்கியிருந்தன. மட்டமான தோலின்மேல் அரக்கை அப்பி, உயர்ந்த சரக்கென்று விற்பவர்களை அவள் அறிவாள். இரண்டாவது கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் பளிச்சிட்டது. வண்ணத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. மூன்றாவது தெளித்த இடத்தில்தான் கறுப்பு இன்னும் கறுப்பாகி, கிணற்றைப்போல ஆழம் காட்டியது.

“இது,” என்றாள்.

பாரதிக்கு வியப்பு. “கரெக்டா புடிச்சிட்டீங்க மேடம். டார்க் கலருக்கு இதான் பெஸ்ட்டு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அடிக்கணும், அவ்ளோதான். ஒண்ணு மட்டும் மேடம், வண்டிய நெழல்ல வச்சி அடிங்க. பானெட் சூடா இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா அடிச்சி, ஒடனே தொடச்சிரணும்.”

ரஃபத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆலையில் மெருகுப்பூச்சு தெளித்து முடித்த ஒவ்வொரு தோலும் கொதிக்கும் இரும்புத் தகட்டின் கீழ்ப் போய்த்தான் திரும்பும். உள்ளே செத்த மீன்கண்போல் போகும் தோல், சூடு பட்டு வெளியே வருகையில் விழித்துக்கொள்ளும். இருபத்தாறு ஆண்டுகளாக அதைப் பார்த்தவளுக்கு இவன் பாடம் எடுக்கிறான்.

“சூடு படாம பளபளப்பு எங்கருந்து வரும் தம்பி? ஆம்பூர்ல கட வச்சிக்கினு இது தெரியலியா உனக்கு?”

“மேடம், அது தோலு...”

“ம்,” என்றாள் ரஃபத்.

வீட்டு வாசலில் சித்திரை வெயில் தார் உருகக் காய்ந்துகொண்டிருந்தது. காரைக் கழுவி, வேண்டுமென்றே அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினாள். பானெட்டில் தோசை ஊற்றலாம்போல் சூடேறியது. அதைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு, மன நிறைவுடன் புட்டியை எடுத்தாள். வக்கார் அகமது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிழலில் நின்றார். மாத்திரை அட்டையிலிருந்து ஊறுகாய்ப் புட்டிவரை, அச்சடித்த எதையும் படிக்காமல் விடாதவர் அவர்.

“ரஃபத், குளிர்ந்த இடத்துல அடிக்கணும்னு இதுல போட்டிருக்கே.”

“அது ஊட்டிக்காரனுக்கு எழுதனதுங்க.”

“சின்னச் சின்ன பகுதியா...”

“லேபிள் படிச்சே வேல நடக்கும்னா, உங்க ஆபீஸ்ல என்னிக்கோ நடந்திருக்கும். நவுருங்க.”

ஆலையில் இயந்திரம் தெளிப்பதுபோல் பானெட் முழுவதும் ஒரே வீச்சில் தெளித்தாள். துணியை மடித்து எடுப்பதற்குள் மெழுகு காய்ந்துவிட்டது. துடைத்தாள், வெண்மையாக இழுவியது. அழுத்தித் துடைத்தாள், இழுவியது திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் தகட்டில் ஒருமுறை சரியாக வராத தோலை இன்னொருமுறை சூட்டில் விடுவது அவள் தொழில்வழக்கம். ஆகவே காரை இன்னும் அரைமணி நேரம் வெயிலில் விட்டாள். மாலையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தபோது, விருந்தாளி வீட்டில் நிலைத்துவிட்டதுபோல் மெழுகு அசையவில்லை.

கருநீலத்தில் பதினொரு வெண்திட்டுகள். அவள் எண்ணினாள், எண்ணாமல் இருக்க அவளால் இயலாது. இப்படி ஒரு தோல் மேசைக்கு வந்திருந்தால், அதற்கு வட்டமிட்டிருக்கவும் மாட்டாள். அப்படியே தரையில் தள்ளியிருப்பாள்.

“பஸ்ல போய்டலாமா?” என்றார் வக்கார்.

“எதுக்கு?”

வக்கார் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் வண்டியை எடுத்தாள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசை நகராமல் நின்றபோது, வக்கார் பைக்குள்ளிருந்து புட்டியை வெளியே எடுத்தார். துணியையும் அவர் மறவாமல் வைத்திருந்தார்.

“கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. காஞ்சி ஒட்டிக்கினா, பரப்பு குளிர்ந்தப்புறம் அதே மெழுக மறுபடியும் அடிச்சி ஒடனே தொடைங்க, கெளம்பிடும்னு.”

ரஃபத் சாலையைப் பார்த்தாள்.

“ராத்திரியே சொல்லியிருப்பேன்,” என்றார் அவர், “நீ நவுருங்கன்னுட்ட.”

வேலூர் தாண்டியதும் அவரே மீண்டும் தொடங்கினார். “சத்தார் பாய் கேட்டா நான் அடிச்சேன்னு சொல்லிடறேன். என்னய அவரு ஏற்கெனவே ஒண்ணும் தெரியாதவன்னுதான் நெனச்சிருக்காரு. எனக்கொண்ணும் கம்மியாவாது.”

அவள் முன்னால் போன லாரியைத் தாண்டினாள். அது நல்ல யோசனை என்பதுதான் அவளை உறுத்தியது. யாரும் ஐயப்படமாட்டார்கள்.

மேல்விஷாரம் வாசலில் பந்தலுக்குக் கீழே சத்தார் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பச்சைத்தோல் வாங்கி விற்றவர். வெள்ளை ஜிப்பாவும் செம்மருதாணித் தாடியுமாக எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அரே வா! சுண்ணாம்புக் குழில முங்கி எழுந்த தோலாட்டம் இல்ல இருக்கு! இன்னா வக்கார் பாய் இது?”

வந்திருந்தவர்கள் திரும்பினார்கள். வக்கார் கடமை தவறாதவர். உடனே தொண்டையைச் செருமினார். “அது வந்து பாய், நேத்து நான்தான்...”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்த நொடியில், சத்தாரின் முகத்தில் ஒரு நிம்மதி படர்வதை ரஃபத் கண்டாள். ஆண் ஒருவன் கழுவுகிறான், ஆண் ஒருவன் கெடுக்கிறான். உலகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி. அழுக்கைவிடவும் திட்டைவிடவும் அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“அவரு தொடவே இல்ல, துல்ஹா பாய்,” என்றாள் அக்கா கணவரிடம், உரக்க. “மெழுக பாத்து எடுத்தது நான். அடிச்சது நான். கெடுத்ததும் நான்தான்.”

சத்தாருக்குச் சற்று ஏமாற்றம், ஆனாலும் சமாளித்துக்கொண்டார். பானெட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, தலையை ஆட்டினார்.

“சரி சரி, ரோசப்படாத. தப்பு எங்கன்னு சொல்றேன் கேளு. சூடு பத்தல. இன்னும் ரெண்டு மணி நேரம் நல்ல வெயில்ல போடு. தானா பளபளன்னு வந்துரும். நாப்பது வருசம் தோலு பாத்தவன் சொல்றேன்.”

ரஃபத் அவரைப் பார்த்தாள். சுற்றியிருந்த மூன்று நான்கு ஆலைக்காரர்களும் அதை ஆமோதித்துத் தலையாட்டுவதைப் பார்த்தாள். நேற்று பாரதியின் கடையில் நின்ற பெண்மணி எப்படித் தோன்றியிருப்பாள் என்பது அவளுக்கு இப்போது மிகத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காட்சியை அவள் விரும்பவில்லை.

காரில் ஏறி, தெருவின் எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் நிறுத்தினாள். உள்ளே போய், குழந்தை ஓதியதைக் கேட்டு, அதன் வாயில் இனிப்பு ஊட்டி, அக்கா ஃபிர்தௌஸ் பரிமாறிய பிரியாணியையும் உண்டாள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

“ஏங்க,” என்று கணவரை அழைத்தாள். “அந்த லேபிள மொதல் வரிலேர்ந்து படிங்க. சத்தமா.”

வக்கார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முப்பது ஆண்டுக் கோப்புகளுக்கும் கிடைக்காத கவனம் அந்தப் புட்டிக்குக் கிடைத்தது. அவர் ஒரு வரி படிக்க, அவள் ஒரு சாண் தெளித்து, உடனே துடைத்தாள். முதல் திட்டு கரைந்தது. அடுத்தது கொஞ்சம் அடம்பிடித்துக் கரைந்தது. அவள் எண்ணிக்கொண்டே போனாள். பந்தலிலிருந்தவர்கள் பல் குத்தியபடி ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்தார்கள்.

பதினொன்றும் போன பிறகு சத்தாரும் வந்தார். குறை கண்டுபிடிக்கும் முனைப்புடன் பானெட்டின்மேல் நன்றாகக் குனிந்தார். கிணற்று நீரில் தெரிவதுபோல், செம்மருதாணித் தாடி இழை இழையாக அதில் தெரிந்தது. அவரை அறியாமலே அவர் கை எழுந்து, கலைந்திருந்த ஒரு பக்கத்தை நீவிவிட்டது. பிறகு அதே கை, கட்டைவிரலை நீட்டியபடி, பானெட்டை நோக்கி இறங்கியது.

“கைய எடுங்க துல்ஹா பாய்,” என்றாள் ரஃபத். “பிரியாணி சாப்ட கை.”