அமிர்தநாதரின் ஐஸ் றிங்க்

மார்கழி இரண்டாம் கிழமை வந்தால் அமிர்தநாதருக்கு வேலை நின்றுவிடும். அவர் வீட்டுக் கூரைகளுக்குச் சிங்கிள்ஸ் எனப்படும் தார் ஓடுகள் அடிக்கிறவர். பனி படிந்த கூரையில் யாரும் ஏறுவதில்லை. பங்குனிக் கடைசியில்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். பதினாறு வருடங்களாக இதுதான் நடைமுறை.

முதற் கிழமை சுகமாக இருக்கும். முழங்கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். நத்தாரும் புதுவருடமும் வந்து போகும். அதன் பிறகுதான் வில்லங்கம். எட்டு மணிக்கு எழும்புகிறவர் பத்துக்கு எழும்புவார், பிறகு பதினொன்றுக்கு. சவரம் நின்றுபோகும். கடந்த வருடம் தை மாதத்தில் ஒருநாள், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை முடித்து வந்த மனைவி செலீன், காலையில் விட்டுப்போன அதே கதிரையில் அதே சேட்டுடன் அவர் இருப்பதைக் கண்டாள். வெளியே இருண்டுவிட்டது. அவர் லைற்றைக்கூடப் போட்டிருக்கவில்லை.

"என்னப்பா, இருட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யிறியள்?"

அவர் எழும்பிப் போய் லைற்றைப் போட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஆவணி வெயிலில் கூரையில் நின்றபோதுகூட வரப்போகும் தை மாதத்தை நினைத்துப் பயந்தார். ஐம்பத்துமூன்று வயதில், மூன்று மாடி உயரத்துக்குப் பயப்படாத மனிதன் ஒரு மாதத்துக்குப் பயப்படுவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

செய்து பார்க்காததும் இல்லை. ஜிம்முக்குக் காசு கட்டி நான்கு நாள் போனார். மோல் கடைத்தொகுதிக்குள் நடந்து பார்த்தார். எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிப்போட முடிந்தது. அதுதான் பிழை என்று அவருக்குப் பட்டது. தள்ளிப்போட முடியாத வேலையொன்று வேண்டும். அதுவும் குளிர்காலம் மட்டுமே தரக்கூடிய வேலையாக இருக்க வேண்டும்.

மல்வேர்னில் அவர்கள் இருக்கும் டவுன்ஹவுஸ் தொகுதிக்குப் பின்னால் ஒரு புல்வெளி உண்டு. குளிர்காலத்தில் அங்கே யாரும் கால் வைப்பதில்லை. அதில் சனம் சறுக்கி விளையாட ஐஸ் றிங்க் ஒன்று கட்டுவது என்று ஐப்பசி மாதத்திலேயே முடிவெடுத்தார். வாழ்நாளில் ஒருநாளும் ஸ்கேட்டிங் சப்பாத்து போட்டவரில்லை. ஆனால் விடியப்புறம் குளிர் கூடின நேரத்தில் மெல்லிசாகத் தண்ணீர் விட வேண்டும் என்பதையும், ஒரு நாள் தவறினாலும் ஐஸ் கெட்டுவிடும் என்பதையும் விசாரித்து அறிந்திருந்தார். அந்தக் கண்டிப்புத்தான் அவருக்குப் பிடித்தது.

தொகுதியின் கமிற்றித் தலைவர் கிறிஸ்துநாயகம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆரும் விழுந்து கையை முறிச்சால் ஆர் பொறுப்பு?"

"போன வருஷம் எங்கடை வாசல் படியிலை மூண்டு பேர் விழுந்தவை அண்ணை. அதுக்கு ஆர் பொறுப்பு?" என்றார் அமிர்தநாதர். "அறிவித்தல் பலகை நான் அடிக்கிறன். ஹெல்மெற் இல்லாமல் ஒருத்தரையும் விடன்."

கிறிஸ்துநாயகம் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

புதுவருடம் கழிந்து குளிர் பூச்சியத்துக்கும் கீழே மறை பன்னிரண்டு பாகைக்கு இறங்கியது. காலை ஐந்து மணிக்கு அமிர்தநாதர் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் குழாயில் நீளமான ரப்பர் ஹோஸைப் பூட்டி, சின்ன யன்னல் வழியாக வெளியே இழுத்தார். பனியை மிதித்து இறுக்கியிருந்த நிலத்தில் தண்ணீரைத் தூவினார். கையுறை நனைந்து விறைத்தது. முடிந்ததும் ஹோஸிலிருந்த தண்ணீர் முழுவதையும் வடித்து உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஐஸாகிவிடும். ஆறு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்ட செலீன், மீசையில் உறைபனியோடு நிலவறையிலிருந்து ஏறி வந்தவரைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அவர் சிரிப்பதை அவள் தை மாதத்தில் கண்டு கனகாலம்.

துணைக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. மரியோவுக்குப் போன் எடுத்தார். பதினொரு வருடமாக அவரோடு கூரையில் ஏறுகிறவன். அவரைவிட ஒன்பது வயது இளையவன். புல்வெளிக்கு அந்தப் பக்கத்து வாடகைக் கட்டடத்தில் ஏழாம் மாடியில் தனியாக இருக்கிறான். அவன் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் போய்க் கதவைத் தட்டினார். பாதிக் கதவு திறந்தது.

"எனக்கு ஒண்டும் ஏலாமல் கிடக்கண்ணை. பங்குனியிலை பாப்பம்."

கதவு மூடிக்கொண்டது. அந்தக் குரலை அமிர்தநாதருக்குத் தெரியும். கடந்த வருடம் அது அவருடைய குரலாகத்தான் இருந்தது.

பத்து நாள் தனியாகவே செய்தார். ஐஸ் பிடித்தது. ஆனால் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வந்தது. இன்னும் தண்ணீர் விட்டால் சரிவரும் என்று நினைத்தார். பதினோராம் நாள் மழை வந்தது. வெப்பம் எட்டுப் பாகைக்கு ஏறி, இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பார்த்தபோது ஒரு மூலையில் சாம்பல் நிறக் குட்டையும் மற்ற இடமெல்லாம் புல்லும் தெரிந்தன.

அமிர்தநாதர் போய்ப் படுத்தார். அடுத்த நாளும் எழும்பவில்லை. செலீன் கத்தவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. தேத்தண்ணியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படுங்கோ. நாளைக்கும் படுங்கோ. வியாழக்கிழமை திரும்பக் குளிருதாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று பத்து மணியளவில் அழைப்பு மணி அடித்தது. அவர் போர்வையோடு போய்க் கதவைத் திறந்தார். மரியோ நின்றான். ஒரு மாதத் தாடி. வீட்டு உடுப்புக்கு மேல் ஜக்கெற்.

"ஏன் அண்ணை நிப்பாட்டிப்போட்டியள்?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பாக்கிறனான்தானே. எனக்கு நித்திரை வாறேல்லை. அஞ்சு மணிக்கு நீங்கள் வாறதை யன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன். நீங்கள் உள்ளுக்குப் போனாப் பிறகுதான் போய்ப் படுப்பன்." அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இப்ப நாலு நாளா ஒருத்தரும் இல்லை."

அமிர்தநாதர் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். தான் பார்க்கப்படுவது தெரியாமல் பத்து நாள் அந்த இருட்டில் நின்றிருக்கிறார். அவனுக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றினார்.

"மழை கெடுத்துப்போட்டுது," என்றார்.

"மழை இல்லாட்டியும் உது சரிவந்திராது. நிலம் தெற்குப் பக்கம் சரிவு. கீழை நிண்டால் தெரியாது, ஏழாம் மாடியிலை இருந்து பாத்தால் தண்ணி ஓடுறது வடிவாத் தெரியும். ஒரு முக்கால் அடி பதிஞ்சு தாழ்ந்து கிடக்கு."

அமிர்தநாதர் கோப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"நானும் நீயும் சேத்து இருவத்தேழு வருஷமாத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு பாத்துத்தான் சாப்பிடுறம்," என்றார் மெதுவாக.

மரியோ சிரிக்கத் தொடங்கினான். பிறகு அவரும். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அன்று மத்தியானமே நூல் பிடித்து மட்டம் பார்த்தார்கள். மரியோவின் வான் வண்டியில் மிச்சப் பலகைகள் கிடந்தன. தெற்குப் பக்கம் உயரமாகவும் வடக்குப் பக்கம் தாழ்வாகவும் சட்டம் அடித்து, வெளியே முண்டு கொடுத்து, மேலே தடித்த வெள்ளைப் பொலித்தீனை விரித்தார்கள். கூரைத் தகடு மடிப்பதுபோல மூலைகளை மடித்தார்கள். வியாழக்கிழமை குளிர் மறை பதினான்கு. ஒருவர் ஹோஸைப் பிடிக்க மற்றவர் பின்னால் அதன் சுருள்களை நிமிர்த்தினார். கடைசித் தண்ணீர்ப் படைக்குச் சுடுதண்ணீர்தான் விட வேண்டும் என்று மரியோ அடம்பிடித்தான். விட்டுப் பார்த்தார்கள். ஐஸ் கண்ணாடிபோல வந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் காலையும் சுலபமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மனம் ஈயம்போலக் கனத்த நாட்கள் இருவருக்கும் இருந்தன. ஆனால் ஒரே நாளில் இருவருக்கும் வரவில்லை. மரியோ ஐந்து மணிக்குக் கீழே இல்லாவிட்டால் அமிர்தநாதர் போய்க் கதவில் இடிப்பார். அமிர்தநாதர் பிந்தினால் நிலவறை யன்னலில் மரியோ தட்டுவான். என்ன, ஏது என்று கேட்பதில்லை. ஹோஸைக் கையில் கொடுப்பதோடு சரி. தண்ணீர் ஓடத் தொடங்கினால் உடம்பு தானாக வேலை செய்யும். தாடியை மரியோ எப்போது எடுத்தான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாசி மாதம் முழுக்க றிங்க் நிறைந்திருந்தது. செலீனோடு வேலை செய்யும் பெண்கள் வேலை முடிந்து நேரே அங்கே வந்தார்கள். செலீன் முதல் நாள் ஆறு தரம் விழுந்தாள், அடுத்த கிழமை ஒரு தரமும் விழவில்லை. கிறிஸ்துநாயகம் பனி வழிக்கும் சவளோடு வந்து, ஹெல்மெற் இல்லாதவர்களைத் தானே திருப்பி அனுப்பினார்.

மாசியில் வரும் குடும்ப தின அரச விடுமுறையன்று பின்னேரம் நல்ல வெயில். தொகுதிச் சனம் பாதிக்கு மேல் வெளியே நின்றது. செலீன் எங்கேயோ இரவல் வாங்கிய பெரிய ஸ்கேட்டிங் சப்பாத்துகளைக் கணவனின் மடியில் வைத்தாள்.

"கட்டினவர் மட்டும்தான் இன்னும் இறங்கேல்லை."

மரியோ குனிந்து அவருக்கு நூல்களை இறுக்கிக் கட்டினான். பழகுகிறவர்கள் பிடித்துத் தள்ளும் பழைய சாப்பாட்டு மேசைக் கதிரையொன்றை யாரோ முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அமிர்தநாதர் எழுந்தார். கால்கள் இரண்டும் இரண்டு திசைக்குப் போயின. கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்தார்.

"கூரை மாதிரி நினையுங்கோ அண்ணை. கீழை பாக்கக் கூடாது," என்றான் மரியோ.

நடுவில் ஒரு தரம் விழுந்தார். செலீன் கை கொடுக்க வந்தாள், வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தானே கதிரையைப் பிடித்து எழும்பினார். மறு கரைப் பலகைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதுகில் வியர்த்திருந்தது. ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்திலிருந்து நெஞ்சுவரை திறந்துவிட்டு, கதிரையை மற்றப் பக்கம் திருப்பி, மறுபடி தள்ளத் தொடங்கினார்.