மச்சானின் சோடாப் போத்தல்

2024 சனவரி 9. குடிபானப் போத்தலில் பூச்சிநாசினியை ஊற்றி வைக்கும் வழக்கத்தை எம்மவர் இன்னும் கைவிடவில்லை. வயல்வட்டையில் அடித்து மிஞ்சியதை அடுத்த வயற்காரனுக்குப் பகிர்ந்து கொடுப்பது அன்பாம். அந்த அன்புதான் பதியுதீனை அன்று ஆசுபத்திரிக் கட்டிலில் கிடத்தியது. கொடுத்தவர் வேறு யாருமல்லர். பதியுதீனின் மனைவி நஸீபாவின் மூத்த சகோதரர் முகைதீன்பாவா. மச்சான் சொல்லாமல் தம் காவற்குடிலில் தொங்கவிட்டுப் போன சோடாப் போத்தலைத் தாகத்தோடு திறந்த பதியுதீன், நாற்றம் உறைக்குமுன் ஒரு மிடறு விழுங்கிவிட்டார்.

கொண்டுவந்தபோது கண்மணிகள் கடுகளவாய்ச் சுருங்கியிருந்தன. வியர்வை சட்டையை நனைத்தது. வாயில் எச்சில் நுரைத்தது. நெஞ்சுக்குள் சளி கொப்பளித்தது. தோலுக்கடியில் தசைகள் துடித்தன. முறிமருந்தாக அற்றோபின் ஏற்ற ஏற்ற நெஞ்சு தெளிந்தது. மறுநாள் வேறு கூத்து. முகம் சிவந்து, நாக்கு உலர்ந்து, பதியுதீன் படுக்கை விரிப்பில் களை பிடுங்கினார்; கைதட்டிக் குருவி விரட்டினார்; வாய்க்காலை மறித்ததாக எதிர்க்கட்டில் கிழவரை வைதார். கிழவர் சளைக்கவில்லை.

"தண்ணிய திறந்து உட்டுட்டன் தம்பி, நீ படு."

நோயாளர் வாட்டே சிரித்தது. நஸீபா மட்டும் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு அழுதாள். கணவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே நம்பினாள். அது அற்றோபின் சற்றுக் கூடியதன் விளைவு, அளவைக் குறைத்தால் தெளியும் என்று தாதி றொசானி தேற்றினாள்.

தெளிந்தது. ஆயினும் றொசானியின் கண் அவருடைய கழுத்தைவிட்டு அகலவில்லை. நஞ்சு தீர்ந்ததுபோல் தோன்றிய பின்னரும் கழுத்துத் தசை சோரக்கூடும். அது சோர்ந்தால் அடுத்தது மூச்சு. தெளிந்த அன்று மாலை தலையைத் தூக்கச் சொன்னபோது, அது சற்றே அசைந்து தலையணையில் விழுந்தது. காலையிலும் எழாவிட்டால் மூச்சு இயந்திரந்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நஸீபாவுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். அந்தத் தலை எழவேண்டும்.

அத்தனை நாளும் வாட்டு வாசலிலேயே நின்ற முகைதீன்பாவா, அக்காலையில் துணிந்து உள்ளே வந்தார். தங்கை முகங்கொடுக்கவில்லை. மச்சானுக்கென்று தேசிக்காய் பிழிந்து சீனித்தண்ணீர் கரைத்து வந்திருந்தார். ஊற்றியிருந்ததோ அதே மாதிரியான சோடாப் போத்தலில்.



"காக்கா, ஒங்களுக்கு அறிவு கிறிவு இரிக்கா?" என்று தமையனைக் கேட்டாள் நஸீபா.

அப்போதுதான் அவர் தம் கையைக் குனிந்து பார்த்தார். "ஊட்டுல வேற போத்தல் இல்ல புள்ள" என்றார்.

கட்டில் கிறீச்சிட்டது. கழுத்து நரம்பு புடைக்க, பதியுதீனின் தலை தலையணையை விட்டு எழுந்தது; நடுங்கி எழுந்தது, நன்றாகவே எழுந்தது. போத்தலை உற்றுப் பார்த்துச் சொன்னார்:

"மச்சான், மொதல்ல நீங்க குடிங்க."

கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். முகைதீன்பாவா அழுதுகொண்டே பாதியைக் குடித்தார். றொசானி போத்தலைப் பார்க்கவேயில்லை. தலைக்கும் தலையணைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்தாள்.

"அப்பிடியே வச்சிருங்க... அப்பிடியே."

நஸீபா அந்தக் கையையே பார்த்திருந்தாள். தலை அதன்மேல் விழவில்லை.

வாசிப்பவரே, இப்போதே எழுந்து உமது கொட்டிலுக்குப் போம். அங்கே தொங்கும் போத்தலில் இருப்பது சோடாதானா?