அணைக்காரர் விட்ட தண்ணீர்

குடத்தைத் தூக்கிய முத்தாத்தாள் ஊற்றாமல் நிறுத்திவிட்டாள். பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவுக்கு, அய்யன் மாரப்பனுக்கு, கடைசிக் குளியல். பிள்ளைகள் ஆளுக்கொரு குடம் ஆற்றுத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்த ஆற்றில் தண்ணீர் பார்த்துத்தான் மூன்று கோடை ஆகிறது. இன்று குடம் நிறைய வந்திருக்கிறது. மலையில் மின்சாரத்துக்கென்று அணை கட்டி, தண்ணீரைக் குழாயில் வேறு பக்கம் இறக்கிவிட்டார்கள். ஆறு சாகாத அளவுக்காவது எப்போதும் விடுங்கள் என்று கேஸ் போட்டவர் அய்யன். நெருக்கடி நிலையில் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோதும் அவர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்.

"ஏனுங்ணா, ஆத்துல தண்ணி எப்படி வந்துச்சு?"

அண்ணன் அர்த்தநாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்தே அணைக்குப் போயி எஞ்சினீயரைப் பாத்தேன். அய்யனுக்காவ ஷட்டரைத் தூக்கச் சொல்லீட்டாரு."

"சும்மாவா தூக்குனாரு?"

அவன் குரல் இறங்கியது. "கேசு அய்யனோட போகட்டும்னு சொன்னேன். இனி ஆரு அலையறது?"

முத்தாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை ஒரு சொட்டு விடாத பாவிகள், பிணம் குளிப்பாட்ட விடுகிறார்களாம். இவன் அதற்குப் பல்லிளித்துவிட்டு வந்திருக்கிறான்.

குடத்தை முற்றத்திலேயே கவிழ்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் பதறினார்கள். அவள் கிணற்றடிக்குப் போய், அடியில் கிடந்ததைச் சேந்தினாள். கலங்கலாக வந்தது. அதையே அய்யன் தலையில் ஊற்றினாள்.

பந்தலில் அய்யனின் கேஸை நடத்திவந்த கல்பாத்திக்கார வக்கீல் வெங்கிடேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். ஈரக் கையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"வக்கீலய்யா, எங்கண்ணன் வேண்டாம்னா கேசு முடிஞ்சு போகுங்களா?"

"நீயும் வாரிசுதானேம்மா. நீ நடத்தறேன்னா நிக்கும். ஆனா ரொம்ப அலைச்சலாக்கும்."

"அலையறேனுங்க. எம்பேரைச் சேருங்க."

அர்த்தநாரி ஓடி வந்தான். "வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறேன் அம்மிணி! அவிய மூஞ்சீல நான் எப்படி முழிக்கறது?"

"மொதல்ல அய்யன் மூஞ்சீல முழிங்க. இன்னைக்கு வுட்டா அப்பறம் பாக்க முடியாது."



சுடுகாடு அக்கரையில். பெண்கள் கரையோடு நின்றுவிட்டார்கள். பாடை ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் இல்லை. அதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். ஈர மணலில் தூக்கியவர்களின் கால்கள் புதைந்து புதைந்து எழுந்தன.

அவர்கள் அக்கரை ஏறி மறைந்த பிறகும் முத்தாத்தாள் நகரவில்லை. மணலில் பதிந்த தடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.