மெஷினுக்கு வைத்த சந்தனம்

வடிகால் மதகின் பலகை உடைந்தபோது குந்தவை வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள். உளுத்த பலகை. ஐப்பசி மழையில் வடிகால் வாய்க்கால் கரைமுட்ட ஓடியது. வயல் தண்ணீர் வெளியே போக வேண்டிய வழியில் வெளித் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. நட்ட சம்பா இன்னும் வேர் பிடிக்கவில்லை. நிலமும் குத்தகை நிலம். இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் பயிர் மூழ்கும். மூழ்கினால் அழுகும்.

அவள் கணவன் பிரபு மணல் மூட்டையைப் போட்டுப் பார்த்தான். தண்ணீர் அதை உருட்டி வயலுக்குள் தள்ளியது. பிறகு ஒரு தகரத்தை மதகின் வாயில் வைத்து, முதுகால் முட்டுக்கொடுத்து நின்றான். இடுப்பளவுத் தண்ணீர். பாதி நின்றது. பாதி அவனுக்கு இரண்டு பக்கமும் பீறிட்டது.

“நான் நகர முடியாது. நீதான் போயி பலகய அறுக்கணும்,” என்றான்.

“நானா?”

“பின்ன, நீ வந்து நிக்கிறியா? உன் எடைக்குத் தண்ணி உன்னயும் தூக்கிட்டுப் போயி வயல்ல நட்டுரும்.”

அவள் மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள். மாட்டுக்கொட்டகைக் கதவுக்கென்று வாங்கிய பூவரசம் பலகைகள் அங்கே கிடந்தன. மதகுக்கு நீளம் அதிகம். கை ரம்பம் துருவேறி எதற்கும் உதவாமல் இருந்தது. ஆணியில் மின்சார வட்ட ரம்பம் தொங்கியது. பிரபுவின் கூட்டாளி சலாஹுதீன் கத்தாரில் சென்ட்ரிங் தச்சன். போன முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. பிரபு அறுப்பதைப் பார்த்திருக்கிறாள். அறுத்ததில்லை.

உளுத்துப்போய்க் கழித்துப்போட்ட பழைய மதகுப் பலகை ஒன்றை அளவு வைத்து, செங்கல் துண்டால் கோடு போட்டாள். சலாஹுதீனுக்கு வீடியோ கால் போட்டு ஃபோனை மோட்டார் மேல் சாய்த்தாள். மஞ்சள் ஹெல்மெட்டோடு அவன் முகம் வந்தது.

“என்ன தங்கச்சி, மாப்ளய எங்க காணோம்?”

“மதகுல அடைப்பா நிக்கிறாருண்ணே. பலக ஒடஞ்சிருச்சு. நீங்க குடுத்த மெஷின்ல அறுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.”

“கால் ஈரமா?”

“மழையில வந்தா ஈரமாத்தானே இருக்கும்?”

“தொட. கையயும் தொட. செருப்பப் போட்டுக்கிட்டு காஞ்ச சாக்குல ஏறி நில்லு. முந்தானையச் சொருகு. பிளக்க மாட்டாத. பிளேடுக்குக் கீழ ஒரு மூடி இருக்கு பாரு, கார்டு. அதப் பின்னால தள்ளி விடு. தானா வந்து மூடணும்.”

தள்ளினாள். மூடி பின்னால் போனது. அங்கேயே நின்றது. பிளேடின் பற்கள் வெளியே தெரிந்தன.

“வரலண்ணே. பரவாயில்ல, இப்பத்தான் கோடு நல்லாத் தெரியுது.”

“அப்ப அறுக்காத.”

“பயிரு போயிரும்ண்ணே.”

“பயிரு போனா திரும்ப நடலாம். கால எந்த நாத்தங்கால்ல வாங்குவ? ஃபோனக் கிட்டக் கொண்டா. அது என்ன மஞ்சளா ஒட்டியிருக்கு?”

பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூசையன்று மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், மோட்டார் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். மற்றதற்கெல்லாம் சின்னப் பொட்டு. இது வெளிநாட்டுச் சாமான் என்று வட்ட மூடி முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். சந்தனம் இடுக்கில் இறங்கி, காய்ந்து, மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சந்தனம்ண்ணே. பூசைக்கு வச்சது.”

“வளைகாப்பே நடத்திட்டியா மெஷினுக்கு? சொரண்டு.”

ஹேர்பின்னை உருவிச் சுரண்டினாள். பல்லில் விரல் படாமல் இடுக்குக்குள் விட்டுக் கிளறினாள். ஈரத்துணியால் துடைத்தாள், காய்ந்த துணியால் துடைத்தாள்.

“என்னடி, பொங்கலுக்கா அறுக்கப்போற?” என்று மதகிலிருந்து பிரபு கத்தினான்.

“வாய மூடிக்கிட்டு நில்லுங்க.”

மூடியைத் தள்ளினாள். பாதி வந்தது. மறுபடி சுரண்டித் தள்ளினாள். ‘டப்’பென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இன்னொரு முறை தள்ளிக் கேட்டாள்.

“வெளையாடுனது போதும்,” என்றான் சலாஹுதீன். “நேர் பின்னால நிக்காத, ஒதுங்கி நில்லு. ரெண்டு கையாலயும் பிடி. முழு வேகம் வந்தப்புறம் மரத்துல வை.”

பிளக்கை மாட்டி அழுத்தினாள். கொட்டகை அதிர்ந்தது. பிளேடு பூவரசுக்குள் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. தூள் முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான வேலையை இத்தனை நாள் பிரபு பெரிய வித்தைபோலச் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

பாதிக் கோடு தாண்டியதும் பலகை தொய்ந்தது. வெட்டு வாய் மூடிப் பிளேடைக் கவ்வியது. ரம்பம் பின்னால் துள்ளி வந்து அவள் தொடையில் மோதியது.

விரல் தானாக சுவிட்சை விட்டுவிட்டது. குனிந்து பார்த்தாள். மூடி தானாக வந்து பிளேடை மறைத்திருந்தது. அதற்குள் பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சேலையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

“தங்கச்சி?”

“இருக்கேன்.”

“கால்?”

“அதுவும் இருக்கு.”

ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான் சலாஹுதீன். “பலகய எது மேல வச்சிருக்க?”

“ரெண்டு முனையிலயும் உர மூட்ட.”

“அதான் கடிச்சிருக்கு. அறுபடுற துண்டு தானாக் கீழ விழணும். ரெண்டு மூட்டையயும் கோட்டுக்கு இந்தப் பக்கமே தள்ளு. அதுக்கு முன்னால பிளக்கப் புடுங்கு.”

பிடுங்கினாள். மூட்டைகளை மாற்றினாள். சொல்லாமலே மூடியைத் தள்ளிப் பார்த்தாள். டப். இந்த முறை கோடு முடிந்ததும் துண்டு தானாகக் கழன்று தரையில் விழுந்தது.

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினாள். பிரபு ஒருக்களித்து வழிவிட, பலகை மதகின் காடிப் பள்ளத்தில் வழுக்கி இறங்கி உட்கார்ந்தது. அடியில் பாய்ந்த தண்ணீர் நின்றது. மேலே மட்டும் வழிந்தது.

“இன்னொண்ணு வேணும்,” என்றான்.

அவள் அதற்குள் கொட்டகை வாசலில் இருந்தாள்.

இரண்டாவது பலகையும் இறங்கியபின் வடிகால் வெளியே முட்டிக்கொண்டு கிடந்தது. வயலில் பயிரின் நுனிகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. வடிகால் வடிந்ததும் பலகையைத் தூக்கினால் உள்தண்ணீர் போய்விடும். பிரபு நடுங்கிக்கொண்டே கரையேறினான். அவள் நொண்டியதற்குக் காரணம் கேட்டான். சொன்னாள். சேற்றுக் கையால் கொட்டகைப் பக்கம் காட்டினான்.

“அடுத்த வருசம் அந்த மெஷினுக்குப் பூசையே வேணாம்.”

“உண்டு. கைப்பிடியில வைப்பேன்,” என்றாள் குந்தவை. “வேற எதாச்சும் அறுக்கணுமா?”