வட்டமாகக் கிடந்த குழிகள்

ஐம்பத்திரண்டாம் வருசப் புயலில் வீட்டைப் பறிகொடுத்த செவந்தி, அடுத்த மழைக்குள் கூரை போட்டாக வேண்டுமென்று திருவரங்குளம் மேட்டில் கூரைக்கால் ஊன்றக் குழி தோண்டினாள். செம்பாறையில் கடப்பாரை பொதுக்கென்று இறங்கியது. கறுத்த மண் மூடிய பழைய கால்குழிகள் வட்டமாகச் சுற்றி வந்தன. நடுவில் அடுப்பெரிந்து சிவந்த தரை. வாடைக்கு முதுகைக் காட்டி, தெற்கே மட்டும் குழி தோண்டாமல் வாசலுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஆதியில யாரோ குடியிருந்திருக்காங்க. நாமளும் இந்தக் குழியிலயே கால் நடுவோம்."

"நெல்லுக் குதிர் மாதிரி வட்டமாவா? ஊரே சிரிக்கும்டி," என்றான் புருசன் சேவுகன்.

"சிரிக்கட்டும். காத்து மோத ஒரு மூலை வச்சிருக்காங்களா பாருங்க. என்னா புத்தி!"

ஐப்பசியில் பேய்க்காற்று வந்தது. வட்ட வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதே சிவந்த தரையில் அடுப்பு எரிந்தது.

"கெட்டிக்காரப் பயலுக," என்றான் சேவுகன், அடுப்பில் குளிர் காய்ந்தபடி.