காலியாக வந்த தெருப் பட்டியல்

"தோட்டப் பகுதிகளிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்குத் தாதியர் பயிற்சியில் ஆர்வமில்லை என்றே தெரிகிறது. அடுத்த வருடம் புலமைப்பரிசிலை வேறு மாகாணத்துக்குக் கொடுக்க யோசிக்கிறோம்."

கொழும்பு அறக்கட்டளையின் மின்னஞ்சலை என்னோடு வேலை செய்யும் முன்ஸிப் நானா வாசித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஆர்வமில்லையாம். நான் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதுளையில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவர்களுடைய இணையத்தளத்தைச் செய்தது நானும் நானாவும்தான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடைக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் படங்களைச் சுருக்கி, அவர்கள் ஆசைப்பட்ட வீடியோவைத் தூக்கியெறிந்து, பழைய போனிலும் சட்டென்று திறக்கும்படி செய்திருந்தேன். அப்படியும் ஒருவரும் வரவில்லை என்றால் யார் நம்புவது?

"சேர்வர்ல பதிவு இருக்கும்தானே, பாருங்க" என்றார் நானா.

பார்த்தேன். தோட்டங்களிலிருந்து அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் போனில் வந்தவர்கள். முதல் பக்கத்தில் நிரப்பிய பெயரும் தொலைபேசி இலக்கமும், தெரிவுசெய்த தோட்டத்தின் பெயரும் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் பக்கத்தில், விலாசம் கேட்கும் இடத்தில், அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். முருகையா சுலோஜினி என்ற பிள்ளை நான்கு நாட்களில் பத்தொன்பது தடவை முயன்றிருந்தாள். இதற்குப் பெயர் ஆர்வமில்லாமையா?

என் போனிலேயே நிரப்பிப் பார்த்தேன். இடத்தைத் தெரிவுசெய்தால் அங்குள்ள தெருக்களின் பட்டியல் தானாக வந்து விழ வேண்டும். பதுளை நகரத்துக்கு வந்தது. தோட்டத்துக்கு வெறும் வெள்ளைப் பெட்டி வந்தது. லயத்துக்கு ஏது தெருப் பெயர்? தெருவைத் தெரிவுசெய்யாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் வேலை செய்யாது. ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லாது.

"நீங்கதானே டெஸ்ட் பண்ணினது, மதுஷா?" நானா மெதுவாகத்தான் கேட்டார்.

நான்தான் பண்ணினேன். பதுளையில் நான் தங்கியிருக்கும் அறையின் விலாசத்தைப் போட்டுப் பண்ணினேன். ஆறு வருடமாக எந்தப் படிவத்திலும் அதையே போடுகிறேன். முதன்முதலில் வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவன் "ஆறாம் லயமா" என்று என் விண்ணப்பத்தை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து இப்படித்தான். அவன் மேல் அன்று வந்த கோபத்தைவிட இப்போது என் மேல் எனக்கு வந்த கோபம் பெரிது.

பட்டியல் காலியாக வந்தால் கையால் எழுத ஒரு பெட்டி திறக்கும்படி மாற்றினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அந்த மின்னஞ்சலை எழுதிய அறக்கட்டளை அம்மணிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"முடிவுத் திகதி போயிட்டுதே. அவங்க ஒரு கம்ப்யூட்டர்லயாவது போட்டிருக்கலாம்தானே?" என்றார்.

"கம்ப்யூட்டர்லயும் இதே பெட்டிதாங்க மேடம். பிழை எங்க பக்கம். சோதிச்சவ நான்தான், நானும் தோட்டந்தான். அறுபத்து மூணு பேரோட பேரையும் இப்பவே அனுப்புறேன். ஆர்வமில்லன்னு எழுதினீங்களே, அத மட்டும் திருப்பி வாங்கிக்குங்க."

ஒரு கிழமை அவகாசம் தந்தார். எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் சுலோஜினியை அழைத்தேன். மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னதும் தயங்கினாள்.

"இது எங்களுக்கு இல்லபோலன்னு விட்டுட்டேங்க அக்கா."

"பிழை எங்களோடது தங்கச்சி. இப்ப லயத்து நம்பரையே எழுதலாம்."

"அப்பவே பதுளையில மாமா கடை விலாசத்தப் போடச் சொன்னாங்க வீட்டுல. போட்டிருந்தா போயிருக்கும். நான் இங்கதானே இருக்கேன், பொய்யா எப்படிக்கா போடுறது?"

போனை வைத்ததும் படிவத்தை மறுபடி சோதித்தேன்; இந்தத் தடவை விலாசப் பெட்டியில் "ஆறாம் லயம்" என்றே எழுதினேன்.