தலைவர் வீட்டு முற்றத்தில் ஒரு பாதை

சுனாமி வந்தால் ஊர் உலகமெல்லாம் ஓடும். தீவு நகரமான ஆப்பியாவின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் பேட்டை மட்டும் குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கும். மரியாதையில் எங்களை மிஞ்ச ஆளில்லை, போங்கள்.

நகரத் திட்ட அலுவலகத்தில் இருக்கும் வாயோலா, எங்கள் தலைவர் ஃபெலெதியின் தங்கை மகள். சாலை கடலை ஒட்டியே வளைந்து போகிறது, அதில் ஓடினால் அலை முந்திவிடும் என்று சொல்லி, கரையிலிருந்து குன்றுக்கு நேராக ஒரு பாதை வரைந்தாள். அது தலைவரின் முற்றத்தைப் பிளந்துகொண்டு போனது. தலைவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மனைவியின் சமாதியை மட்டும் தொடக்கூடாது என்றார். எங்கள் வழக்கப்படி அது வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. காலையில் அதன்மேல் துணி காயப்போட்டுவிட்டு, மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சண்டை போடுவார்.

ஒத்திகை பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஜனங்கள் நேரத்துக்குள் மேலே ஏறாவிட்டால் கரையோர வீடுகளை இடித்துவிட்டு, எங்களை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்க் குடியேற்றிவிடுவார்களாம். சைரன் ஊதியது. தலைதெறிக்க ஓடினோம், முற்றம் வரைக்கும். சுவரில்லாத கூடத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் போகும்வரை தான் எழக்கூடாதென்பது அவருடைய பெருந்தன்மை. உட்கார்ந்திருக்கும் தலைவருக்கு முன்னால் நிமிர்ந்து ஓட எவனுக்குத் தைரியம் வரும்? ஒவ்வொருவராகக் குனிந்தோம். வாசலில் போகிறவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் விட அவருக்கும் மனசு வரவில்லை. கூப்பிட்டபின் மறுப்பது அழகா? பாதிப்பேர் கோகோ குடித்துக்கொண்டிருந்தோம். நான் இரண்டாவது கோப்பையில் இருந்தேன். நிஜ அலையாக இருந்தால் அதற்குள் வந்து, எங்களை வாரிக்கொண்டு திரும்பிப் போயிருக்கும்.

அதிகாரிகளின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் மூன்று ஒத்திகைகளுக்கு வாயோலா அனுமதி வாங்கினாள். முதலாவதில் தலைவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தார். முதுகுக்கும் குனிந்தோம். அடுத்ததில் அவரையே முன்னால் ஓடச் சொன்னார்கள். அந்தப் பெருத்த உடம்பு அசைந்து அசைந்து ஏற, அவரைத் தாண்ட யாரும் துணியாமல் பேட்டையே பின்னால் ஊர்ந்தது. ஒத்திகை நாளில் வெளியூர் போய்விடுகிறேன் என்றார்.

"அலை என்ன, நீங்க ஊர்ல இல்லாத நாளா பாத்து வருமா மாமா?" என்றாள் வாயோலா.

அவர் சமாதிப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சண்டைச் சத்தம் கேட்கவில்லை.

மறுவாரமே வீட்டைப் பிரித்துக் குன்றின்மேல் கட்டச் சொல்லிவிட்டார். கடைசி ஒத்திகையில், சைரன் ஓய்ந்ததும் மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்தார். தலைவர் கூப்பிட்டால் நடந்து போவது எங்களுக்கு அவமரியாதை. தள்ளாதவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு பறந்தோம். அதிகாரிகள் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்கள். வீடுகள் பிழைத்தன.

எல்லோரும் கைதட்ட, அவர் மட்டும் கீழே வெறிச்சோடிக் கிடந்த முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் சமாதியையும் மேலே கொண்டுவர ஏற்பாடு செய்யட்டுமா என்று வாயோலா மெல்லக் கேட்டாள்.

"வேணாம்மா," என்றார். "நான் கூப்பிட்டு அவ என்னைக்கு வந்திருக்கா?"